மறுசேதி

கச்சிராயபாளையத்தில் காலைப் பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், வெள்ளிமலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் உர மூட்டைகள், ஒரு கட்டு பிளாஸ்டிக் குழாய், மடியில் முட்டை அட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள். டிரைவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். வேடியப்பன் என்ற பெயர் கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. கோமுகி அணை பின்னால் போய் மலை ஏற ஆரம்பித்ததும் அவர் பேச்சுக் கொடுத்தார்.

"யார் வூட்டுக்கு தம்பி?"

"வூட்டுக்கு இல்லண்ணா. வெள்ளிமலைல ஒரு சமாதி பாக்கணும்."

"சாமியார் சமாதியா? அப்படி ஒண்ணும் இல்லியே."

"சாமியார் இல்ல. குஞ்சம்மாள்னு ஒரு அம்மா. நாப்பது வருசத்துக்கு முன்னாடியே செத்துட்டாங்க. அப்ப ஒரு அமெரிக்காக்காரம்மா மலைல கொழந்தைங்களுக்கு எடை பாத்துக்கினு இருந்தாங்களாம். அவங்ககூட வேலை செஞ்சவங்க."

வளைவின் நடுவிலேயே ஜீப் நின்றது. "முட்டை, முட்டை" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். வேடியப்பன் கை பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"குஞ்சம்மாள் எங்கம்மா. எடை பாத்த வெள்ளக்காரிகூடச் சுத்தினதும் எங்கம்மாதான். காலைல கூழு குடிச்சிட்டு, எனக்கு நாலு வசவு வுட்டுட்டு, சாமை அறுக்கப் போயிருக்குது. அதுக்கு சமாதி தேடறவன் நீ யார்றா?"

"குஞ்சம்மாளா செத்துட்டா?" என்றாள் முட்டைக்காரி. "அப்ப விடிகாலைல கொழாயடில எங்கூட சண்ட போட்டது யாரு?"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கீழே அணைத் தண்ணீர் சின்ன தட்டு மாதிரி தெரிந்தது. நான் வாங்கி வந்திருந்த பூமாலை மடியில் பாலிதீன் பைக்குள் இருந்தது. அதைக் காலுக்குக் கீழே தள்ளினேன்.

அந்தப் பெயர் எனக்குக் காது வழியாகக் கிடைத்தது. சென்னையில் நான்கு வருடம் இரவு வேலை பார்த்தேன். அமெரிக்காவில் யாராவது பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு, பேசினபடியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். டாக்டர்கள் நோயைச் சொல்வார்கள், வக்கீல்கள் வழக்கைச் சொல்வார்கள். விளங்காத சொல் வந்தால் 'கேட்கவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஆள்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் பாதிக்கு மேல் அப்படித்தான் போகும். கணக்குப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் கேட்ட பேச்சில் பெரும்பகுதி எனக்குச் சொல்லப்படாத பேச்சு. கேட்பேன், அடிப்பேன், அனுப்புவேன். யாருக்கும் ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்வது வேலையில் சேராது.

ஒரு நாள் ஏதோ கல்லூரி நூலகத்துக்காக எடுத்த நேர்காணல் வந்தது. ஹெஸ்டர் கிம்பால், கவிஞர், எழுபது வயது, வெர்மான்ட் என்கிற மலை மாநிலத்தில் தனியாக இருக்கிறார். அவசரமில்லாத குரல். இடையிடையே கெட்டில் கொதிக்கும் சத்தம். நான் அரைத் தூக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மாள் 'வெள்ளிமலை' என்றார். ளகரம் சுத்தமாக விழுந்தது. பிறகு 'கச்சிராயபாளையம்' என்றார். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலையை, நான் கரும்பு லாரிக்குப் பின்னால் சைக்கிள் விட்ட ரோட்டை, பனிவிழும் ஒரு ஊரிலிருந்து ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு வயதில் அவர் இந்த மலைக்கு வந்திருக்கிறார். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை எடைத் தராசில் தொங்கவிட்டு எடை குறிக்கிற வேலை. கூட வந்தவள் குஞ்சம்மாள், அவரைவிட நான்கைந்து வயது சின்னவள். இரண்டு மழைக்காலம் ஒன்றாக அலைந்தார்கள். அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஹெஸ்டர் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருடம் ஒரு தந்தி போனது: குஞ்சம்மாள் இறந்துவிட்டாள். அவ்வளவுதான் இருந்தது அதில். மலைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவர் எழுதிய கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்கே வரவில்லை. குஞ்சம்மாள் இல்லாத மலையைப் பார்க்கத் தைரியம் இல்லை என்றார். ஒன்பது வருடம் உட்கார்ந்து அவளைப் பற்றி ஒரு கவிதைப் புத்தகம் எழுதினார். பரிசு, கல்லூரி வேலை, பெயர் எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தவை. பிறகு வந்த மூன்று புத்தகங்களும் சுற்றிச்சுற்றி அங்கேயே போகின்றனவே என்று கேட்டவருக்கு, "எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் நடந்தது" என்று பதில் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். தந்தி வந்தது நவம்பரில். இறந்த நாள் எது என்று அதில் இல்லை. அதனால் நவம்பர் முழுக்க, தினமும் காலையில் சோறு வடித்து, வாசல் கைப்பிடிக் கட்டையின் மேல் ஒரு தட்டில் காக்கைக்கு வைக்கிறார். செத்தவர்களுக்கு அப்படித்தான் சோறு போகும் என்று குஞ்சம்மாள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். நீங்கள் அதை நம்புகிறீர்களா என்று கேட்டதற்கு, "நான் நம்பவில்லை, காக்கைகள் நம்புகின்றன" என்றார். கெட்டில் மறுபடி கொதித்தது. பதிவு முடிந்தது.

எல்லாப் பெயர்களையும் சரியாக அடித்து அனுப்பினேன். சரிபார்க்க முடியாத பெயர்கள் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு சில மாதத்தில் வேலையை விட்டேன். அதனால் விட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஒரு சாயங்காலம் ஆபீஸ் லிஃப்ட் திறந்தது. எல்லாரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஊருக்கு வந்து பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டு கிடந்தேன். ராத்திரி பிசாசு என்று எங்கம்மா திட்டினாள். தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை, மாடியில் நின்று மலையைப் பார்த்தபோது, அந்தச் சமாதியைப் போட்டோ எடுத்து அந்த அம்மாளுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. நான் கேட்ட ஆயிரம் குரல்களில் ஒன்றுக்காவது பதில்.

வேடியப்பன் சாமானை இறக்கிவிட்டு என்னை நேராகக் கொல்லைக்காட்டுக்கே கூட்டிப் போனார். சரிவில் சாமை பழுத்துப் பழுப்பாகக் கிடந்தது. நாலைந்து பேர் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேட்டிலிருந்தே கத்தினார்.

"எம்மா! ஒன் சமாதியப் பாக்க டவுன்லேர்ந்து ஆள் வந்திருக்குது!"

வரிசையில் கடைசியாக இருந்தவள் நிமிரவில்லை. "ஆழமா வெட்டச் சொல்லு. கம்மியா வெட்டினா நரி தோண்டிடும்."

குள்ளமான உருவம், அகலமான தோள், வெற்றிலைக் கறை. அறுபத்தைந்து வயதுக்கு அவள் கை வேகமாகப் போனது. பக்கத்தில் போய், ஹெஸ்டர் கிம்பால் என்ற பெயரைச் சொன்னேன். கருக்கரிவாள் நின்றது.

"எஸ்தரா? உசுரோட இருக்கறாளா?"

"இருக்காங்கம்மா."

அறுத்துப் போட்ட அரியின் மேலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் எதையும் கேட்கவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்:

"அழுதாளா?"

நான் தெரிந்ததைச் சொன்னேன். தந்தி, புத்தகம், நவம்பர். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே பாதி விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் இது உண்டு. காக்கை தலையில் தட்டினால் சாவு வரும். அதைத் திருப்ப ஒரே வழி, ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் சேதி அனுப்புவது. அவர்கள் நிஜமென்று நினைத்து அழுதுவிட்டால் சாவு ஏமாந்து திரும்பிவிடும். பிறகு, ஆள் இருக்கிறார், அழாதீர்கள் என்று மறுசேதி சொல்ல வேண்டும். என் பெரியப்பா செத்ததாக ஒருமுறை சேதி வந்து எங்கம்மா மாரடித்து அழுதாள். மறுநாள் அவர் பலகாரப் பொட்டலத்தோடு வந்து நின்றபோது அதைவிட ஜாஸ்தியாகத் திட்டினாள்.

"இவன் கைக்கொழந்த," என்றாள் குஞ்சம்மாள், மகனைக் காட்டி. "இதே கொல்லைதான். குனிஞ்சிக்கினு இருக்கேன், மண்டைல ணங்குன்னு தட்டிட்டுப் போவுது. மாமியாக்காரி பாத்துட்டா. அவ வாயி மத்தியானத்துக்குள்ள மலை பூரா சொல்லிடுச்சி, என் மருமவள காக்கா தட்டிடுச்சின்னு. அப்பறம் எவன் அழுவான்? எங்கண்ணனுக்கு ஆள் அனுப்பினா அவன் சிரிச்சிக்கினே வரான். மாமியாளுக்கு பயம் புடிச்சிக்கிச்சி. ஏண்டி, ஒனக்காக நெசமா அழுவறவ வெளியூர்ல எவளாச்சும் இருக்காளான்னு கேட்டா. நா யோசிக்கவே இல்ல தம்பி. எஸ்தருன்னுட்டேன்."

"அப்பா அப்ப எங்க இருந்துச்சி?" என்றார் வேடியப்பன்.

"பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. அவரு அழுவற ஆளா? அவரு ஆடு செத்தா அழுவாரு."

பள்ளிக்கூடத்தில் தீனதயாளன் என்று, மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஹெஸ்டரின் விலாசம் அவரிடம்தான் இருந்தது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும் வழியில் கள்ளக்குறிச்சியில் தந்தி கொடுத்துவிட்டுப் போகிறேன், திரும்பி வரும்போது மறுசேதியும் கொடுத்துவிடுகிறேன் என்றார். முதலாவதைக் கொடுத்தார். லீவு முடிந்து அவர் வரவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். விலாசமும் அவரோடு போய்விட்டது. குஞ்சம்மாளின் புருஷன் கள்ளக்குறிச்சி வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். வாத்தியாரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"நா சாவல இல்ல? அப்பவே தெரியும் தம்பி, அவ அழுதுட்டான்னு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நிறுத்தச் சொல்லணுமே. மறுசேதி சொல்லாம வுட்டா, மெய்யா சாவறப்ப அழுவ ஆளிருக்காதுன்னு மாமியா சொல்லிக்கினே செத்தா. அத வுடு. எனக்கு அது இல்ல. ஒருத்திய அழ வெச்சிட்டு, போதும்டின்னு சொல்லாம வுட்டுட்டேன். அதான் இங்க குத்திக்கினே இருக்குது."

நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. அரிவாள் மூக்கால் தரையைக் காட்டினாள்.

மத்தியானம் மரத்தடியில் சோறு தின்றபோது, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். ஃபோனில் அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்திருந்தேன். எனக்குக் கவிதை பழக்கமில்லை. அலுவலக வேலையைச் செய்வது போல வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவள் நடந்த வழியில் சாமை முளைத்திருக்கும், அதை நான் மிதிக்க மாட்டேன் என்று ஒரு வரி.

"வழில எவன் சாமை வெதைப்பான்?" என்றாள்.

அவள் பேசியதே இல்லை, மழையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இன்னொரு வரி. வேடியப்பனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, "எம்மா, இது வேற குஞ்சம்மாள்மா, அட்ரஸ் தப்பு" என்றார். அவர் வாய்மேல் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

கோயில் பலா மரத்தில் குஞ்சம்மாள் ஏறித் திருட்டுப் பழம் பறித்தது பற்றி ஒரு நீளமான கவிதை இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நானா? அவதான் ஏறினா! கவுன முடிச்சிப் போட்டுக்கினு கொரங்கு மாரி ஏறினா. நா கீழ காவலுக்கு நின்னேன். சாமி பலாவ தின்னது அவ, பழி எம்மேலயா? செத்தவதான, வந்து கேக்கவா போறான்னு எழுதிட்டாளா?"

பிறகு எடைத் தராசுக் கவிதை வந்தது. குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டு மரக்கிளையில் கட்டிய தராசில் தொங்கவிடுவார்கள். ஹெஸ்டர் முள்ளைப் பார்த்துக் குறிப்பார். துணி கிழிந்தால் பிள்ளை விழுந்துவிடும் என்று குஞ்சம்மாள் கீழே ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்பாள். தொட்டால் எடை தப்பாகக் காட்டும், அதனால் தொடமாட்டாள். 'நான் எடையை எழுதினேன், அவள் கை எடைக்குக் கீழே காத்திருந்தது. நான் எழுதிய எதற்குக் கீழேயும் இப்போது அந்தக் கை இல்லை.'

குஞ்சம்மாள் சாப்பிட்ட கையைக் கழுவாமல் வைத்துக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தாள். காய்ந்த சோறும் கூழும் அரிவாள் காய்ப்பும்.

"இத போயி ஞாபகம் வெச்சிக்கினு இருக்கா பாரு," என்றாள். பிறகு, "சொல்லிடு தம்பி. நா இருக்கறன்னு சொல்லிடு" என்றாள்.

சொல்கிறேன் என்றுதான் இறங்கி வந்தேன். சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். குஞ்சம்மாள் உயிரோடு இருக்கிறாள் என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த அம்மாள் கட்டியிருப்பது முழுக்க இவள் செத்ததன் மேல் நிற்கிறது. புத்தகத்தில் இருப்பவள் பேசாதவள், இருபத்திரண்டு வயதைத் தாண்டாதவள். மலையில் இருப்பவள் குழாயடியில் சண்டை போடுகிறவள். எழுபது வயதில் ஒருத்தியிடம் போய், நீ அழுதது ஒரு காக்கைக்காக என்று எப்படிச் சொல்வது? அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவர் வந்திருக்கலாம். எந்த வருடம் வேண்டுமானாலும் ஒரு டிக்கெட் எடுத்து வந்திருந்தால், இதே கொல்லையில் இவள் குனிந்துகொண்டு நின்றிருப்பாள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வேடியப்பன் ஃபோன் செய்தார். "தம்பி, நீ சொல்றியா இல்லியா? எங்கம்மா என் தலைய உருட்டுது. வழி சொல்லு, நானே போறேன்னுது. வழில கடலு இருக்குதுமான்னா, பஸ்ஸு போவாதான்னுது."

அன்றைக்கே எழுதினேன். கவிஞரின் இணையதளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. காக்கையை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். எப்படி எழுதினாலும் பொய் சொல்பவன் எழுதியது மாதிரி இருந்தது. பதில் அந்த அம்மாளின் தங்கை மகளிடமிருந்து வந்தது. 'அந்தப் பெயர் அச்சான புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உங்கள் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி ஏற்கெனவே என் பெரியம்மாவை ஏமாற்றப் பார்த்தார்கள். இறந்து போனவளை வைத்துமா? வெட்கமாக இல்லையா? இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.' எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில் மேல் தளத்தில் அப்படி ஒரு கும்பல் உண்மையிலேயே இருந்தது. கேன்டீனில் எங்களோடுதான் டீ குடிப்பார்கள். அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுபடி மலை ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். குஞ்சம்மாள் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"நா செத்துட்டேன்னு எங்கிட்டயே சொல்றாளா அவ?"

"நம்ப மாட்டேங்கறாங்கம்மா."

"அவ இன்னா நம்பறது? எஸ்தருக்குத் தமிழு தெரியும். நா பேசறத அதுல புடிச்சி அனுப்பு. நடுவுல நீ ஒண்ணும் பேசாத."

ஃபோனை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் நான் இதுவரை கேட்காத குரலாக இருந்தது. கொஞ்சம் தணிந்து, கொஞ்சம் பயந்து.

"ஏண்டி எஸ்தரு. நாந்தாண்டி. நா சாவல. மண்டைல காக்கா தட்டிடுச்சி. ஒனக்குத்தான் சேதி அனுப்பச் சொன்னேன். நீதான் அழுவேன்னு. நீ அழுததுலதான் இருக்கறேன். அந்த வாத்தியாரு மறுசேதி குடுக்காம ஓடிட்டான். எம்மேல கோவமா? கோவிச்சிக்க. ஆனா பலாமரத்துல ஏறினது நீதான். அத மாத்தி எழுது." நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுக்கப் போனேன். "நா அப்பப்ப ஒன்ன நெனைக்கறதுதான்," என்றாள். "ஒண்ணும் இல்ல. நெனைச்சிக்கறதுதான்."

மொழிபெயர்ப்பு எதுவும் சேர்க்காமல் அப்படியே அனுப்பினேன். முழுதாக ஒரு நாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாள் வேறொரு முகவரியிலிருந்து ஒரு தொலைபேசி எண் வந்தது. கீழே ஒரே வரி. 'நாளை. என் காலை, உங்கள் மாலை.' கையெழுத்துகூட இல்லை.

அவர்கள் ஊருக்கு டவர் எட்டாது. ரோட்டு வளைவில் ஒரு பாறை இருக்கிறது, ஜீப்காரர்கள் எல்லாம் நின்று ஃபோன் பேசுகிற இடம். ஆறு மணிக்கு முன்பே போய் நின்றுவிட்டோம். வெயில் இறங்கி, எதிர்ச் சரிவில் சாமைக் கொல்லைகள் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தன. குஞ்சம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடிப்பு கலையாமல் இருக்க ஜீப் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சே இல்லை. வேடியப்பன் அதைக் கிண்டல் செய்ய வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டயரை உதைத்துப் பார்க்கப் போய்விட்டார்.

வீடியோவில் அழைத்தேன். திரை வெள்ளையாக இருந்தது. கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பனி. பிறகு அதற்கு முன்னால் ஒரு முகம் வந்தது. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, நீளமான முகம், குளிரில் சிவந்த மூக்கு. ஃபோனைக் குஞ்சம்மாளின் கையில் கொடுத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். காற்றின் சத்தம் இரண்டு பக்கமும் இருந்தது.

"கெழவியாயிட்டாளே," என்றாள் குஞ்சம்மாள், யாரிடமும் இல்லாமல்.

அந்தப் பக்கத்து வாய் அசைந்தது. "குஞ்சு," என்றது.

வேடியப்பன் சட்டென்று தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவளை அப்படி யாரும் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"நீ," என்றார் ஹெஸ்டர். சொல்லைத் தேடினார். நாற்பது வருடம் பேசாத தமிழ். "நீ இருக்க."

"இருக்கறன்டி. சேதி பொய்யி. மறுசேதி இப்பதான் வருது. போதும்டி எஸ்தரு. அழுதது போதும்."

ஹெஸ்டர் அழவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நம்ப மறுக்கிற முகமும் இல்லை, சந்தோஷப்படுகிற முகமும் இல்லை. கணக்குப் போடுகிற முகம். எத்தனை வருடம் என்று அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நான் ஒரு வாரம் தள்ளிப் போட்டதும் இதைப் பார்க்க வேண்டாம் என்றுதான். அவர் கை தளர்ந்து ஃபோன் சாய்ந்தது. திரையில் மரக் கைப்பிடி வந்தது, அதன் மேல் பனிக்கு நடுவே ஒரு தட்டு, தட்டில் சோறு. ஆவி பறந்துகொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் காக்கை ஒன்று. பெரியது, கழுத்தில் சாம்பல் நிறமே இல்லாமல் முழுக் கறுப்பு.

"அது இன்னா தம்பி, சோறா?"

"ஆமாம்மா. உங்களுக்கு வெச்சது. இன்னிக்கும் வெச்சிருக்காங்க."

"எனக்கா?" அவள் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். "இத்தினி வருசமா என் சோத்த இதுவா தின்னுச்சி?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஃபோனை வாய்க்குக் கிட்டே வைத்து, காது கேளாதவர்களுக்குச் சொல்வது போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எஸ்தரு. அத எடு. உசுரோட இருக்கறவளுக்கு வெக்கக் கூடாது. எடுடி."

பனியில் பூட்ஸ் மிதிபடும் சத்தம் கேட்டது. ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. நரம்பு தெரிகிற, கறைப் புள்ளிகள் விழுந்த கை. தட்டின் விளிம்பைத் தொட்டது. காக்கை இறக்கையை விரித்தது.

படம் அப்படியே நின்றுவிட்டது.

நடுவில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கை தட்டைத் தூக்குகிறதா, நேராக நகர்த்தி வைக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இறக்கையின் பாதி திரைக்கு வெளியே இருந்தது.

"போயிட்டாளா?" என்றாள் குஞ்சம்மாள்.

"இல்லம்மா. டவர் கம்மி. வந்துடும்."

"ஆட்டாத," என்று அவள் வேடியப்பனை அதட்டினாள். அவர் ஒன்றையும் ஆட்டவில்லை. கீழே கச்சிராயபாளையத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் ஒரு கையால் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை அதற்குக் கீழே, தொடாமல், விரித்து வைத்திருந்தாள்.